நம்ம கப்பலை உடைக்கிறார்கள்

தளாஜா, குஜராத்
5.1.2021

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் மகள் வெற்றிச்செல்வி வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் எனக்குப் பாதி கேட்காது, மீதிக்கு நீ கத்த வேண்டும். அதனால் பழைய வழக்கப்படி பேனாவை எடுத்துவிட்டேன்.

அரியலூர் ஸ்டேஷன் வரை வந்தாய். ரயில் கிளம்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாய். நீ கோபத்தோடு கட்டிக் கொடுத்த புளிச்சோறு மூன்று வேளைக்கு வந்தது, ருசி ஒன்றும் குறையவில்லை.

பர்மார் வீட்டில் தங்கியிருக்கிறேன். கடற்படையில், விராட் கப்பலில் எனக்கு மேல் அடுக்கில் படுத்திருந்தவர். கப்பல் உடைக்கும் அலங் கடற்கரை இங்கிருந்து பக்கம்தான். வந்த அன்றே பைக்கில் கூட்டிப்போனார். ரோட்டிலிருந்தே விராட் தெரிந்தது. கடலில் நிற்கும்போது மலை மாதிரி இருக்கும். இங்கே சேற்றில் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறது. உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பர்மார் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.

கிட்டத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். பொங்கலுக்கு வந்துவிடுவேன்.

உன்
மதுரைவீரன்

*

பெரம்பலூர்
13.1.2021, போகி

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது. பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்குப் பொங்கல். மும்பை கடற்படைத் தபால் ஆபீஸ் முத்திரையோடு இதே வரியை எத்தனை கடிதத்தில் படித்திருப்பேன். அப்போதாவது நாட்டுக்காக என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது யாருக்காக?

இங்கே எந்த மார்கழியிலும் பெய்யாத மழை பெய்கிறது. நம்ம காட்டு மக்காச்சோளத்தை அடித்து ரோட்டோரம் காயப்போட்ட அன்றைக்கே பிடித்துக்கொண்டது. நானும் பக்கத்து வீட்டுத் தனமும் தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் தெப்பமாக நனைந்துவிட்டோம். தனம் சும்மா இல்லாமல், “அண்ணன் கப்பலைப் பாக்கப் போயிருக்காரு, இங்க நம்ம சோளம் மெதக்குது பாருக்கா” என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்தேன் என்பதற்காகக் கோபம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

நான் கேட்டதில் என்ன தப்பு? “இரும்பை வெட்டுறதைப் போயி என்னத்தைப் பாக்கப் போறீங்க?” என்று கேட்டேன். “உனக்குச் சொன்னா புரியாது” என்றீர்கள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஒரு பிள்ளையைப் பெற்று, தனியாக வளர்த்து, நீங்கள் அனுப்பிய பணத்தில் காடு வாங்கிக் கிணறு வெட்டினேன். இது மட்டும் புரியாமல் போய்விடுமா? சொல்லித்தான் பாருங்களேன்.

மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். கூட்டத்தில் முகக் கவசத்தைக் கழற்ற வேண்டாம். கப்பலிலிருந்து இரும்பு, குழாய் எதையும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், வீட்டில் இடமில்லை.

இப்படிக்கு
அம்சவள்ளி

*

தளாஜா
20.1.2021

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பொங்கலன்று பர்மார் வீட்டம்மா எனக்காக வெல்லம் போட்டு ஏதோ பொங்கினாள். எங்கள் இருவருக்கும் பேச ஒரு பாஷை கிடையாது. “பொங்கலோ பொங்கல்” என்று நான் சொன்னதும் அந்த அம்மாளும் திருப்பிச் சொல்லிக் கைதட்டினாள். நீ இல்லாதது அப்போது உறைத்தது. சோளம் நனைந்ததில் என் மேல்தான் தப்பு.

போன சனிக்கிழமை உள்ளே விட்டார்கள். தலையில் ஹெல்மெட் மாட்டி, தண்ணீர் வற்றிய நேரத்தில் கரையில் ஒரு கயிறு வரை போகலாம், அதற்கு மேல் கூடாது என்றார்கள். முன்பக்கம் பாதி போய்விட்டது. சுவர் இடிந்த வீட்டை ரோட்டிலிருந்து பார்த்தால் அறைகள் தெரியுமே, அப்படி ஒவ்வொரு தளமும் திறந்து கிடக்கிறது. பச்சை பெயின்ட் அடித்த சுவர், ஒரு படிக்கட்டு, தொங்குகிற வயர்கள். மேல்தளத்தில் விமானங்களை நிறுத்துவதும் தள்ளுவதும்தான் என் வேலை என்று உனக்குத் தெரியும். ஹாரியர் விமானம் கிளம்பும்போது நெஞ்சுக்கூடே அதிரும். என் காதை வாங்கிக்கொண்ட சத்தம் அது. இப்போது கேஸ் கட்டரில் தீப்பொறி பறக்கிறது, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

வெட்டுகிற ஒடிசா ஆள் ஒருவன் பீடி பிடிக்க வந்தான். காதருகில் வந்து ஹிந்தியில், “உங்க கப்பலா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “நல்ல இரும்பு. லேசுல அறுபட மாட்டேங்குது” என்று கையை உதறிக் காட்டினான். எனக்கு அழுகை வரும் என்று பயந்துகொண்டே போயிருந்தேன். சிரிப்புதான் வந்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். புரியாது என்று சொன்னது தப்பு. சொல்ல எனக்குத்தான் வரவில்லை.

நம்ம ஊர் டீக்கடையில் எனக்கும் என் அப்பாவுக்கும் டம்ளர் தனி. அது உனக்குத் தெரியாததல்ல. கப்பலில் முதல் நாள் சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பர்மார் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேர்கூடக் கேட்கவில்லை, என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தார். நான் கையைக்கூட அசைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். “என்ன, அப்பளம் பிடிக்குமா?” என்று கேட்டுவிட்டு மிச்சப் பாதியை என் தட்டில் திரும்ப வைத்தார். கடித்த அப்பளம். நான் அதைத் தின்றேன்.

கடற்படையில் எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கப்பலில் இருந்த ஐந்து வருஷமும் நீ எந்தத் தெரு என்று ஒருவர் என்னிடம் கேட்கவில்லை. அந்த இடத்தை உடைக்கிறார்கள் என்று டிவியில் பார்த்ததும் வீட்டில் உட்கார முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். எழுதி முடித்தபின் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது.

உன்
மதுரைவீரன்

*

பெரம்பலூர்
25.1.2021

மாமா,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். சோளம் காய்ந்துவிட்டது, கவலை வேண்டாம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அம்சவள்ளி

*

தளாஜா
31.1.2021

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

உன் கார்டு நேற்று வந்தது. நாலே வரி. வருத்தமா, வேலையா என்று தெரியவில்லை. எழுதக் கூடாததை எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லாததை இன்னும் கொஞ்ச நாள் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் தினமும் கரைக்குப் போகிறேன். வாட்ச்மேனே டீ வாங்கிக் கொடுக்கிறான். பழைய ஆட்கள் ஒருவர் இருவர் வருகிறார்கள். நேற்று ஒருவர் பெண்டாட்டியோடு வந்து, “இங்கதான் நான் படுத்திருந்தேன்” என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் ஆகாயம்தான் இருந்தது. அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தாள்.

நான் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டேன். பதினாலாம் தேதி டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் நீ என்ன திட்ட வேண்டுமோ திட்டு. எந்தப் பக்கக் காதில் திட்டினாலும் ஒன்றுதான்.

உன்
மதுரைவீரன்

*

பெரம்பலூர்
4.2.2021

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதி, ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். பதினாலாம் தேதி டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது என்று எழுதினீர்கள். அப்படி இல்லை, மாமா. நீங்கள் அங்கே இருந்து பார்த்தது ஒரு பாதி. இங்கே இருந்து நான் பார்த்தது மறு பாதி. அதைச் சொல்கிறேன்.

வெற்றிச்செல்விக்கு ஒரு வயசு. நீங்கள் லீவில் வந்தீர்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வெள்ளை யூனிஃபார்ம், தோளில் மூட்டை. நம்ம ஆட்கள் காட்டுப்பக்கம் சுற்றித்தான் வீட்டுக்குப் போவார்கள். நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். நீங்கள் திரும்பவில்லை. பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பெரிய தெரு வழியாகவே நடந்தீர்கள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “வேணாங்க, வேணாங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே நான் பின்னால் வந்தேன். வாசல்களில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி வீடு தாண்டியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் வெற்றிச்செல்வியிடம் காக்காயைக் காட்டிக்கொண்டு நடந்தீர்கள். உங்களுக்கு அது ஞாபகம்கூட இருக்காது. மறுநாளிலிருந்து நானும் அந்தத் தெருவில்தான் நடந்தேன். நீங்கள் கப்பலுக்குத் திரும்பிய பிறகும் நடந்தேன்.

அந்தத் தைரியம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. உங்களைப் பிடித்துவைத்துக்கொண்ட சக்களத்தி என்றுதான் அந்தக் கப்பலை வைதேன். அப்பளக் கதையைப் படித்த பிறகுதான் விளங்கியது.

நேற்று வெற்றிச்செல்வி அரியலூரிலிருந்து வந்திருந்தாள். அந்த அப்பளக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, “நீயும் போயிப் பாத்துட்டு வாயேம்மா” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே பயம் வந்துவிட்டது. “பாஷை தெரியாது, எப்படிம்மா தனியா போவ?” என்றாள்.

“உங்கப்பா பதினெட்டு வயசுல தனியாதானே போனாரு. அவருக்கு மட்டும் பாஷை தெரிஞ்சுதா?” என்றேன்.

செல்லிலேயே டிக்கெட் போட்டுவிட்டாள். பதினொன்றாம் தேதி அரியலூரில் ஏறி, சென்னையில் மாறி, பதிமூன்றாம் தேதி அகமதாபாத் வந்து இறங்குகிறேன். ரயில் நம்பர், பெட்டி நம்பர் எல்லாம் பின்பக்கம் அவள் கையால் எழுதியிருக்கிறாள். வீட்டுச் சாவி தனத்திடம் இருக்கும். பர்மார் வீட்டம்மாவுக்கு முறுக்கு சுட்டு எடுத்து வருகிறேன்.

அதற்குள் கப்பலை முழுசாக வெட்டிவிடாதீர்கள் என்று அந்த ஒடிசாக்காரப் பிள்ளையிடம் சொல்லுங்கள். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் போதும். எங்கே சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள் என்று கையை நீட்டிக் காட்டுங்கள். ஆகாயமாக இருந்தாலும் பார்த்துக்கொள்கிறேன்.

இதற்குப் பதில் போட வேண்டாம். வாங்க வீட்டில் ஆள் இருக்காது. ஸ்டேஷனில் கூட்டமாக இருக்கும், நான் கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்காது. தூணுக்குப் பின்னால் ஒதுங்காமல், என் கண்ணில் படுகிற மாதிரி நடுவில் நில்லுங்கள். நானே வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள்
அம்சவள்ளி