பின்சந்தில் தொலைந்த நண்டு

இன்று காலை குண்டசாலையிலிருந்து ஓர் ஆசிரியை தன் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே மணல் அளவு சிவப்புக் கல் ஒன்று கழன்று கிடந்தது. அதை ஒட்டுவதற்காக ஸ்பிரிட் விளக்கில் அரக்கைக் காட்டினேன். அரக்கு இளகி வாசனை எழுந்ததுதான் தாமதம், நீங்கள் வந்து என் கடைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். கோட்டைக் கழற்றி முழங்காலில் மடித்துப் போட்டுக்கொண்டு, "நானா, இண்டைக்கு எத்தினை நண்டுக்காலை முறிச்சனீங்கள்?" என்று, எப்போதும்போல அண்ணன் முறை வைத்துக் கேட்டீர்கள்.

நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்ட கடிதத்தை இன்று எழுதிவிடுகிறேன். போடுவதற்குத் தபால்பெட்டி இல்லை என்பதற்காக எழுதாமல் இருக்க முடியுமா?

முதன்முதலாக நீங்கள் கடைக்கு வந்தது நண்டுக்காக அல்ல, கடிகாரத்துக்காக. கண்டிக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர்; யாழ்ப்பாணத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது. மூடியைத் திறந்தால் சக்கரமெல்லாம் வெள்ளை மா. "என்ன கிளாக்கர், இதுக்குள்ள புட்டு அவிச்சீங்களா?" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஊரில் வீட்டுக்குக் கிணறு வெட்டுவதாகவும், அங்கே ஒரு முழம் மண்ணுக்குக் கீழே எல்லாம் சுண்ணாம்புக் கல்தான் என்றும், அந்தத் தூசிதான் இது என்றும் சொன்னீர்கள். பிறகு ஏதோ யோசித்து, கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தீர்கள். வெள்ளைக் கல்லுக்குள்ளிருந்து தேன் நிறத்தில், கல்லாகிப்போன ஒரு நண்டின் முதுகு, கட்டைவிரல் நக அளவு மட்டும், எட்டிப் பார்த்தது.

"இதின்ரை ஓடு உடையாமல் கல்லை மட்டும் எடுக்கேலுமோ?"

ஏலும் என்றேன். அதற்கு முன் அப்படியொரு சாமானை நான் கண்டதே இல்லை. ஆனாலும் ஏலாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் இது.

அதிலிருந்து நீங்கள் லீவில் போய்வரும்போதெல்லாம் ஒரு தகரப்பெட்டி வரும். மேலே பனையிலிருந்து செய்த பனாட்டும் ஒடியலும், நாலு மாம்பழமும், கீழே முழுக்கக் கல். சனிக்கிழமை கச்சேரி அரைநாளோடு முடிந்ததும் நேரே கடைக்கு வந்துவிடுவீர்கள். நான் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, பிடியில் இறுக்கிய தையல் ஊசியால் கல்லைத் துகள் துகளாகக் கிள்ளுவேன். ஊசி கல்லில் படும்போது ஒரு சத்தம், ஓட்டில் படும்போது இன்னொரு சத்தம். ரப்பர் பந்தால் ஊதித் தூசியைப் போக்குவேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஓடு கறுத்துக் காட்டும், கல் வெளுத்தே நிற்கும். கால்களுக்குக் கீழே கொஞ்சம் கல்லை விட்டுவைக்க வேண்டும். முழுவதையும் எடுத்தால் தன் பாரத்திலேயே கால் முறிந்துவிடும். இதை முதல் நண்டின் இரண்டு காலைக் கொடுத்துத்தான் படித்தேன். அன்று நீங்கள் திட்டவில்லை. "அவசரப்படாதேங்கோ நானா. அது இவ்வளவு காலம் பொறுத்திட்டுது, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பொறுக்காதோ?" என்றீர்கள்.

ஒரு நண்டு முழுசாக வெளியே வர நாலு மாசம், ஐந்து மாசம் பிடிக்கும். கண்டியில் என்னைப்போல ஊசி பிடிக்கிறவன் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. என் மனைவிக்கு மட்டும் அதில் பெருமையே இருக்கவில்லை. ஒரு நாள் அக்குறணையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியதற்கு, "எங்கட வூட்டுல திங்காத சாமான். அதும் கல்லாப் போனது. இத வெச்சி என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள். உங்களிடம் அதைச் சொன்னேன். அப்போதுதான் நீங்கள் மனதைத் திறந்து பேசினீர்கள்.

"இருபது வரியமா மற்ற ஆக்கள் எழுதினதைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எழுதுறன் நானா. ஒருக்காலாவது, நான் முதல் கண்டது எண்டு ஒண்டு வேணும். ஒருத்தரும் எழுதாத ஒண்டு."

அந்தப் பேச்சு எனக்குள் இறங்கிவிட்டது. உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். செய்தும் விட்டேன். அதுதான் வினை.

அந்த முறை வந்த கல்லில் இரண்டு நண்டு இருந்தன. ஒன்று அரசன்: முதுகு, கண்குழி, எட்டுக் கால், எல்லாம் சரி, வலது கொடுக்கு மட்டும் இல்லை. மற்றது நசுங்கிய பாதி உடல். ஆனால் அதன் ஒரு கொடுக்கு உடலைவிடப் பெரிதாக, முண்டு முண்டாக, முழுசாக இருந்தது. இதெல்லாம் கல்லுக்குள்ளிருந்து வெளிப்பட்ட நேரம் நீங்கள் மறுபடியும் லீவில் ஊருக்குப் போயிருந்தீர்கள். நான் கடிகாரக்காரன். எங்கள் தொழிலில் ஓடாத கடிகாரத்தின் சக்கரத்தை எடுத்து ஓடக்கூடியதில் போடுவது குற்றமே இல்லை, அதுதான் கெட்டித்தனம். அப்படித்தான் அந்தக் கொடுக்கைப் பெயர்த்தெடுத்து அரசனுக்கு அரக்கு வைத்து ஒட்டினேன். ஒட்டிய இடம் தெரியாமல் அதே கல்லின் மாவைத் தூவித் தேய்த்தேன். நசுங்கிய உடலைச் சிராய்களோடு டப்பாவில் கூட்டிக் கொண்டுபோய், மழைக்குச் சேறாகிக் கிடந்த பின்சந்துப் பள்ளத்தில் கொட்டினேன்.

நீங்கள் வந்து பார்த்தபோது உங்கள் கண் கலங்கியது. "உப்பிடியொரு கொடுக்கை நான் ஒரு படத்திலையும் காணேல்லை" என்றீர்கள். நான் சொல்லியிருக்கலாம். உங்கள் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆசையாக இருந்தது, சொல்லவில்லை. தோட்டத்துத் துரை ஒருவரிடம் இரவல் வாங்கிய தடித்த புத்தகத்தோடு நீங்கள் இரண்டு மாசம் மல்லுக்கட்டினீர்கள். மையில் படம் வரைந்தீர்கள். பழம்பொருள்கள் வைத்திருக்கிற கொழும்பு நூதனசாலைக்குக் கடிதம் எழுதினீர்கள். திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது.

அதற்கு முந்திய சனிக்கிழமை, நீங்கள் எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினீர்கள். முதுகைப் பற்றி இரண்டு வரி. காலைப் பற்றி ஒரு வரி. மிச்சம் ஒரு பக்கம் முழுக்கக் கொடுக்கு. உடலுக்குப் பொருந்தாத அளவில் பெருத்த கொடுக்கு, ஆகவே இது இதுவரை யாரும் பதியாத வகை. நூதனசாலை மேசையில் படித்தவர்கள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார்கள், அரக்கைக் காண்பார்கள், உங்களைக் கள்ளன் என்பார்கள். இருபது வருஷம் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிய மனிதனை.

"கிளாக்கர், நிப்பாட்டுங்க" என்றேன். "அந்தக் கொடுக்கு அதுட இல்ல. நான்தான் ஒட்டின."

நீங்கள் தாளை மடித்தீர்கள். மிக மெதுவாக மடித்தீர்கள். ஏன் என்று கேட்பீர்கள், அடிக்கக்கூடச் செய்வீர்கள் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்தக் கொடுக்கு எதின்ரை?"

"மத்ததுட. நசுங்கினது ஒண்டு இருந்திச்சே, அதுட."

"அதின்ரை உடல் எங்கை?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் செய்ததன் முழு அளவும் எனக்கே விளங்கியது. யாரும் காணாத வகை என்பது பொய்யில்லை. அப்படி ஒரு நண்டு உண்மையாகவே உங்கள் கிணற்றிலிருந்து வந்திருந்தது. அரசன் என்று நான் கொண்டாடியது சாதாரணம், குப்பை என்று கொட்டியதுதான் நீங்கள் தேடிய நண்டு. பின்கதவைக் கையால் காட்டினேன்.

நல்ல வெயில் நேரம். நீங்கள் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு என் கரி அள்ளும் கரண்டியோடு சந்தில் குந்தினீர்கள். நான் இரும்புக் கம்பியோடு பக்கத்தில். ஆனால் அந்தப் பள்ளம் எங்கே? நான் கொட்டிய பிறகு நகரசபை ஆட்கள் வந்து கல்லும் மண்ணும் போட்டு, இடித்து இறுக்கி, மேடாக்கிவிட்டார்கள். கரண்டி வளைந்ததே தவிர நிலம் அசையவில்லை. தேநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, மோதிரம் கீதிரம் விழுந்துருச்சா?" என்று கேட்டார்.

"நண்டு" என்றீர்கள், தலையை நிமிர்த்தாமலே.

"நண்டா? இந்த ஊர்லயா?" அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெயில் ஜாஸ்தி, ஒரு டீ குடிச்சிட்டுத் தேடுங்க" என்று இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். பின்னேரம் அஸர் தொழுகை நேரம்வரை, ஓரத்தில் இளகியிருந்த மண்ணை மட்டும் கிண்டினோம். கிடைத்தது ஒரு கால் துண்டும் தேன்நிறச் சிராய் மூன்றும்.

பிறகு உங்கள் முன்னாலேயே ஸ்பிரிட்டை விட்டு அரக்கைக் கரைத்துக் கொடுக்கைக் கழற்றினேன். உங்கள் எழுத்தைக் கிழித்தீர்கள். திங்கட்கிழமை போகமாட்டீர்கள் என்று நினைத்தேன். போனீர்கள். அரசனை ஒரு பெட்டியிலும் கொடுக்கைப் பஞ்சு வைத்த தீப்பெட்டியிலும் எடுத்துக்கொண்டு போய், நடந்ததை நடந்தபடி சொன்னீர்கள். என் பெயரைச் சொன்னீர்களா என்று நான் கேட்டதில்லை. பின்னாளில் பேச்சுவாக்கில் வந்தது: "எங்கடை பிழை" என்றுதான் அங்கே சொன்னீர்களாம். அரசன் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வகை. கொடுக்கு புதுசாக இருக்கலாம், உடல் இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்களாம்.

அதற்குப் பிறகு ஐந்து சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. எனக்கு அப்படியொரு வெட்கம் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கச்சேரி வாசலுக்கு இரண்டு தடவை வந்து, உள்ளே வரத் தைரியமில்லாமல் திரும்பினேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, நண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறாவது சனிக்கிழமை வந்தீர்கள். கோட்டைக் கழற்றி மடித்துப் போட்டீர்கள். தீப்பெட்டியை மேசையில் வைத்தீர்கள். அதன் மேல் உங்கள் முத்தான எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "கொடுக்கு மட்டும். உடலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்."

"தொலைச்சிட்டம் எண்டு எழுதியிருக்கலாமே" என்றேன் உங்கள் பேச்சிலேயே, உங்களைச் சிரிக்க வைக்க.

நீங்கள் சிரிக்கவில்லை. "நான் பொய் எழுதிறதில்லை நானா" என்றீர்கள். "நாங்கள் தேடிக்கொண்டுதானே இருக்கிறம்?" பிறகு புதுக்கல் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினீர்கள். "காலுக்குக் கீழை கொஞ்சம் கல்லை விடுங்கோ." அவ்வளவுதான் மன்னிப்பு. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் எடுத்த ஒன்பது நண்டும் குறைச் சாமான்கள்தான். கால் இல்லாதது கால் இல்லாமலே, கண் இல்லாதது கண் இல்லாமலே. அத்தனையும் நல்ல வேலை. உங்கள் கிணற்றிலிருந்து அப்படிப்பட்ட கொடுக்கு மட்டும் திரும்ப வரவில்லை. மலேரியாக் காய்ச்சல் வருஷத்தில் கொய்னா மருந்து கொடுக்கிற வேலைக்கு உங்களைத் தெல்தெனியப் பக்கம் அனுப்பினார்கள். கொடுத்துக்கொண்டிருந்த நீங்களே படுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. உங்கள் உடலை ஊருக்கு ஏற்றிய அன்று ஸ்டேஷனுக்கு வந்தேன். ரயில் போன பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

போன மாசம் தண்ணீர்க் குழாய் போட நகரசபை பின்சந்தை வெட்டியது. நான் கடையைப் பூட்டிவிட்டேன். கடிகாரத்தோடு வந்த இரண்டு பேர் திரும்பிப் போனார்களாம், போகட்டும். மனைவியின் அரிதட்டை அக்குறணையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து, வெட்டிப் போட்ட மண்ணையெல்லாம் தண்ணீர் விட்டு அரித்தேன். வேலை செய்தவர்கள் முதலில் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவர்களே வெள்ளைக் கல் கண்டால் எடுத்து ஒதுக்கி வைத்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. குழாய் போனது சந்தின் இடது ஓரம். வலது ஓரத்தை இன்னும் யாரும் தொடவில்லை, என்றைக்காவது தொடுவார்கள்.

தட்டைத் திரும்பக் கொடுத்தபோது மனைவி கேட்டாள்: "அவரு மவுத்தாகி மூணு வருஷம். இன்னமும் யாருக்காகத் தேடுறீங்க?"

உங்கள் கையெழுத்தில் அந்தத் தீப்பெட்டிச் சீட்டு என் அலுமாரியில் இருக்கிறது, கிளாக்கர். நான் தேடுவதை விட்ட அன்றைக்கு அது பொய்யாகிவிடும்.