மூடாத தட்டு

மார்ச் 3
கிடங்குல கூலிங் மெஷின் ரிப்பேர். முடிச்சேன். வந்தேன். படுத்தேன்.

மார்ச் 6
இன்னைக்கும் ஃப்ரிட்ஜ்ல குளிரைக் கூட்டி வச்சேன். கீழ்த்தட்டுல என் வீட்டுக்காரி செஞ்ச சாஸ் பாட்டில். பூண்டு, வினிகர், சர்க்கரை, பேருக்கு ஒரு மிளகாய். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி செஞ்சது. போனவ திரும்பல. அடியில கொஞ்சம்தான் இருக்கு. கெட்டுடக்கூடாது. அவ கையால செஞ்சதுன்னு இந்த வீட்ல இனி அது ஒண்ணுதான்.

பால் பாறையாயிடுச்சு. காலையில மச்சினன் வந்தான், அவளோட தம்பி. "மாமா, டீ போட சுத்தியல் வேணும் போல"ன்னான். சிரிக்கணும்னு தோணுச்சு. முகத்துலதான் சிரிப்பு வரல.

மார்ச் 9
கனவுல மழைச் சத்தம். ஜன்னலைச் சாத்தப் போனேன். அவ அடுப்புகிட்ட நின்னு, திரும்பாமலே, "மழை இல்லப்பா, கத்திரிக்கா பொரியுது"ன்னா.

முழிச்சப்புறமும் வாசனை இருந்துச்சு. எங்கேருந்து வரும்?

மார்ச் 10, ஞாயிறு
செஞ்சு பாத்தேன். கேரட், கத்திரிக்கா, குடைமிளகாய், எல்லாம் ஒரே அளவு. மாவை ஐஸ் தண்ணியில கரைச்சேன். ஜில்லுன்னு இருந்தாதான் மொறுமொறுன்னு வரும். குளிர் என் தொழிலாச்சே. வேலைக்குக் கொண்டு போற மீட்டரை எண்ணெயில விட்டு சூடு பாத்தேன். பொன்னிறமா வந்துச்சு. விரல்ல எண்ணெய் தெறிச்சிருக்கு, கொப்புளத்தைப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது.

சாயங்காலம் மச்சினன் வந்து ஒண்ணை எடுத்தான். துவண்டு தொங்குச்சு.

"மாமா, இது பொரிச்சதா, குளிப்பாட்டினதா?"

"மீட்டர் கரெக்டாதான்டா காட்டுச்சு."

"எதுக்குத் தட்டு போட்டு மூடுனீங்க? ஆவி எறங்கி நனைஞ்சிருக்கு. அக்கா மூட விடவே மாட்டாளே. சுடச்சுட நின்னுக்கிட்டே தின்னுங்கன்னு சொல்வா."

"இல்லடா, அவ வர்ற வரைக்கும் சூடா—"

பாதியில நின்னுட்டேன். அவன் கையில அந்த கேரட் அப்படியே தொங்கிக்கிட்டிருந்துச்சு.

சாஸை நான் எடுக்கல. அவனும் கேக்கல.

மார்ச் 11
ஆவி வெளிய போக வழி வேணும். நான் படிச்சதே அதைத்தானே?

மார்ச் 14
ஞாயித்துக்கிழமை தட்டு போட்டு மூடினது ஞாபகமே இல்ல. கை தானா மூடியிருக்கு.

மார்ச் 17, ஞாயிறு
நானே மச்சினனை வரச் சொன்னேன். மறுபடியும் பொரிச்சேன். அடுப்படியிலேயே நின்னோம். மூடுற தட்டை எடுத்து அலமாரிக்குள்ள வச்சுட்டேன். சாஸ் பாட்டிலை மேடை மேல வச்சேன்.

"மாமா... இது அக்கா செஞ்சதுல்ல?"

"ஆமா. தொட்டுக்கோ."

நுனியை மட்டும் தொட்டான்.

"ஏன்டா, மருந்தா குடுக்கறேன்? நல்லா முக்குடா!"

முக்கித் தின்னான். "காரம் மாமா"ன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டான். அது இனிப்புச் சாஸ்.

எண்ணெய் மழை மாதிரி பேசிக்கிட்டே இருந்துச்சு. ஜன்னல் திறந்தே கிடந்துச்சு. கடைசித் துண்டு கத்திரிக்காயை பாட்டிலுக்குள்ள விட்டு, அடி வரைக்கும் வழிச்சு, சுடச்சுட வாயில போட்டேன். மொறுக்.

நாக்கு சுட்டுடுச்சு. "ஆ"ன்னு கத்திட்டேன். மச்சினன் பயந்து தண்ணி கொண்டு வந்தான். வலிச்சுது. நல்லா வலிச்சுது.

மார்ச் 18
பாட்டிலைக் கழுவி ஜன்னல்கிட்ட கவுத்தி வச்சிருக்கேன். வெயில் பட்டு சுவர்ல வெளிச்சம் ஆடுது.

ஃப்ரிட்ஜைப் பழைய அளவுக்கே வச்சுட்டேன். பால் உறையல. டீ போட்டு, ஆற வச்சு, மெதுவா குடிச்சேன். நாக்கு இன்னும் எரியுது.