இது கவிதையா என்று கேட்டார்கள்

இன்று காலை சிரம்பான் ரஹாங்கில், என் வீட்டில் மகள் பால் டின்னின் மூடியில் ஆணி வைத்து இரண்டு ஓட்டை போட்டாள். தகரம் கிழியும் சத்தமும் அந்தத் தித்திப்பு வாடையும் சேர்ந்து வந்தன. நான் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். "என்னாப்பா ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொல்ல வாய் வராததை உனக்கு எழுதுகிறேன்.

நாம் ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வாய்த்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி ஆனேன். நீ ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போனாய். மத்தியானம் வெட்டிய பாலை எடைபோட்டு முடிந்ததும் ஸ்டோர் பின்பக்கம் வந்து, அன்று எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவாய். எதுகை கிடையாது, மோனை கிடையாது. பேசுகிற மாதிரி ஒரு வரி. அது பாதியில் உடைந்து அடுத்த வரி. யாப்பு படித்த திமிரில் நான் சிரிப்பேன்.

"இது கவிதையே இல்லலா. வாக்கியத்த ஒடச்சுப் போட்டு வச்சிருக்க."

"மூச்சு வாங்குற எடத்துல நிறுத்துறேன், கிராணி. வேற என்னா செய்யச் சொல்ற?"

கேலி செய்தாலும் தாள் கொடுத்தது நான்தான். ஆபீஸில் கழித்துப்போட்ட, ஆள்வருகை குறிக்கும் செக்ரோல் தாள்கள். ஒரு பக்கம் ஆள்பெயர்க் கட்டங்கள், மறுபக்கம் வெறுமை. அந்த வெறுமையில்தான் நீ எழுதினாய்.

மலாயாவில் அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூடக் கொண்டுபோக விடவில்லை. கடையில் டின் வாங்கினால் கடைக்காரர், சேர்த்துவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதபடி, அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். உன் மகள் அப்போது கைக்குழந்தை. உன் மனைவிக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. ஓட்டை போட்ட டின்னில் மறுநாள் எறும்பு மொய்க்கும். பிள்ளை அழும். நீ எழுதினாய்:

பால் டின்னில் ஓட்டை போட்டுத்தான்
கையில் தருகிறார்கள்.
பிள்ளையே, இன்றே குடித்துவிடு.
நாளை என்பதை
வாசலில் வைத்துவிட்டு
உள்ளே வா.

கேட்டில் சோதனை போட்டபோது உன் சட்டைக்குள் அந்தத் தாள்கள் அகப்பட்டன. உன்னை ஆபீஸுக்கு இழுத்து வந்தார்கள். வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி ஒருவர் துரையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னேன். 'நாளை', 'வாசல்' என்ற சொற்கள் வந்ததும் அவர் பென்சிலை நிறுத்தினார்.

யாருடைய பால் டின்? எந்த வாசல்? நாளைக்கு யார் வந்து எடுப்பார்கள்?

"துரை, அது கவிதைங்க. எம்புள்ளைக்கு எழுதுனது" என்றாய் நீ.

அவர் தாளைத் திருப்பினார். செக்ரோல் கட்டங்கள். இது எப்படி உன் கைக்கு வந்தது என்று கேட்டார்.  நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆபீஸ் குப்பையில பொறுக்குனேங்க" என்றாய். அதையும் நானே மொழிபெயர்த்தேன்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். "நீ படித்தவன். உங்கள் மொழியில் இது கவிதையா?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் உன்னை விட்டிருப்பார்களா, தெரியாது. ஆனால் அடுத்த கேள்வி என்மேல் வரும் என்று பயந்தேன். "எங்கள் கவிதைக்கு இலக்கணம் உண்டு. இதில் அது இல்லை" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். இங்கிலீஷில் சொன்னாலும் நான் என்ன சொன்னேன் என்று உனக்குப் புரிந்துவிட்டது. உன் முகத்தில் கோபம் இல்லை. ஸ்டோர் பின்பக்கம் நான் கேலி செய்யும்போது எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பாயோ, அப்படியே நின்றாய்.

உன்னை லாரியில் ஏற்றிப் போனார்கள். மறுநாள் உன் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் படியில் வந்து நின்றாள். "அண்ணே, நீங்க உள்ளாரதானே இருந்தீங்க. என்னா கேட்டாங்க? என்னா சொன்னீங்க?"

"எனக்கு ஒன்னும் புரியல, தங்கச்சி" என்றேன்.

இரண்டு வருடம் தடுப்பு முகாமில் இருந்து திரும்பினாய். தோட்டத்தில் உனக்கு வேலை இல்லை என்றார்கள். சிரம்பானில் ஒரு மரவாடியில் சேர்ந்தாய். நான் தேடி வந்தேன். மன்னித்துவிடு என்று தொடங்குவதற்குள் நீ தடுத்தாய்.

"நீ பொய் சொல்லலையேலா. எப்பவும் சொல்றததானே சொன்ன."

அதைவிட நீ என்னை அடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு கல்யாணங்களுக்கு வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்தாய். அவ்வளவுதான். ஒருமுறை என்னிடம் ஒன்றை நீட்டி, "சீரெல்லாம் சரியா இருக்கா பாரு, கிராணி" என்றாய். பார்த்தேன். ஒரு தளைகூடத் தட்டவில்லை. ஒரு வரியில்கூட நீ இல்லை.

நீ இறந்து, உன் காரியம் முடிந்த அன்று உன் மனைவி என்னிடம் கேட்டாள், "அண்ணே, அவரு அப்ப எழுதுனது ஒன்னாச்சும் உங்ககிட்ட இருக்கா? அவங்க ஒன்னையும் திருப்பித் தரலையே." அந்த ஆறு வரிகளைச் சொன்னேன். அப்புறம் அன்று ஆபீஸில் நான் சொன்னதையும் சொன்னேன். 

"அவருக்குத் தெரியும்ணே. ஒரு நாளும் உங்கள ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல" என்றாள். "ஆனா நான் சொல்லுவேன். சாவுற வரைக்கும் சொல்லுவேன்." பிறகு ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். "எழுதிக் குடுங்க. எம்மக படிக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவது வரியில் கை நின்றது. இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. நான் எத்தனையோ நாள் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொன்னது, அந்த அதிகாரிக்கு என் வாயால் சொன்ன இங்கிலீஷைத்தான். தமிழை அதிலிருந்து மீட்டெடுத்தேன். வாசலில் 'வைத்துவிட்டு' என்று எழுதினாயா, 'விட்டுவிட்டு' என்று எழுதினாயா? இரண்டுக்கும் அன்று நான் இங்கிலீஷில் 'லீவ்' என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னேன்.