இருமலோடு ஒரு படகுப் பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் என்று தெரியவில்லை, இந்த டைரியிடம் என்றே வைத்துக்கொள்கிறேன். எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. எழுதும் அளவுக்கு எனக்கு எதுவும் நடக்கவும் இல்லை. ஆனால் நாள் முழுக்க ஊரார் ஞாபகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேனா, எனக்கும் கொஞ்சம் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சொல்ல ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

வேலை இதுதான்: எங்கள் வானொலியின் காலை நிகழ்ச்சிக்கு நேயர்கள் போன் செய்து, பிடித்த பாட்டையும் அது கிளப்பும் ஞாபகத்தையும் பதிவு செய்வார்கள். யார், எந்த எண் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. திரையில் வரிசை எண் மட்டும்தான். நான் கேட்டு, நல்லதை எடுத்து, இருமல், தும்மல், திணறல் எல்லாவற்றையும் வெட்டி, சுத்தமாக்கி அறிவிப்பாளர் அக்காவிடம் கொடுக்க வேண்டும். சேர்ந்து எட்டு மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அலுவலகத்தில் பாட்டுகளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. "அந்தப் பல்வலிப் பாட்டை எடும்மா" என்பார் சவுண்ட் அண்ணன். பல் டாக்டர் வாசலில், கன்னம் வீங்கிய நிலையில் கணவரை முதல்முதலாகப் பார்த்த ஒரு பெண் கேட்ட பாட்டு அது. லிஃப்ட் பாட்டு ஒன்று உண்டு. மாமியார் பாட்டு இரண்டு.

எனக்கும் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று காலேஜ் பஸ் பாட்டு. முதல் செமஸ்டர் முழுக்க யாரும் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. டிரைவர் தினமும் அதையே போடுவார். ஜன்னல் பக்கம் திரும்பி, பாட்டில் மூழ்கிவிட்டதுபோல் உட்கார்ந்துகொள்வேன். இன்னொன்று இன்டர்வியூ பாட்டு. புதுச் செருப்பு கடித்துக் குதிகால் எரிய, வரவேற்பறையில் கேட்டது. இன்றைக்கும் அது வந்தால் குதிகால் எரியும்.

எங்கள் வீட்டிலேயே முதல் பட்டம் நான் வாங்கியது. அந்த நாளுக்குத்தான் பாட்டு ஒன்றும் இல்லை. ரிசல்ட் வந்ததும் அப்பாவுக்குப் போன் செய்தேன். "சரிம்மா" என்றார். வைத்துவிட்டார்.

அப்பாவுக்குப் பாட்டே ஆகாது. எங்கள் வீட்டு ரேடியோ ஒப்புக்கு இருக்கிறது. மகள் வேலை பார்ப்பதோ வானொலியில்!

மார்ச் 5

மழை. குடை ஆபீஸில். நான் வீட்டில்.

மார்ச் 7, வெள்ளி

ஒரே நாளில் அறுபதுக்கு மேல் பதிவுகள். எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் ஓட்டித்தான் கேட்க முடிகிறது. எல்லோருமே அப்படித்தான் செய்கிறோம். அழுகிறவர்கள்கூட அந்த வேகத்தில் குருவி மாதிரி கீச்சுக் கீச்சு என்று அழுவார்கள். சிரித்துவிட்டு, பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று ஒரே இருமல் கேஸ் ஒன்று. "காலி வீட்டுல பாடினா" என்று ஆரம்பித்ததும் ஒரு இருமல், பின்னாலேயே இன்னொன்று. வெட்டி மாளாது. 'வேண்டாம்' பெட்டியில் தள்ளிவிட்டேன்.

அப்பா சாப்பிடும்போது, வெளியூரில் பெரிய பங்களா ஒன்றுக்குப் பெயிண்ட் வேலை வந்திருப்பதாகச் சொன்னார். பதினாறாம் தேதி கிளம்புகிறார், திரும்ப ஒரு மாதம் ஆகுமாம். குரல் இன்னும் கரகரப்பு. "பட்டி பூசின சுவர்ல உப்புத்தாள் போடுற தூசிம்மா. சுவத்தைத் தேய்க்கிறவன் தொண்டையும் சேர்ந்து தேயத்தானே செய்யும்?" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ரசத்தில் உப்பு பார்த்துக்கொண்டிருந்தார், நெடுநேரம்.

மார்ச் 10, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். 

காலையில் அக்கா வந்ததும் சத்தம் போட்டார். "வாரம் பூரா காதல், கல்யாணம், காதல், கல்யாணம்! கேக்கிறவங்களுக்குத் திகட்டிடும். வேற ஏதாவது தேடிக் குடுடி." அந்தக் காலி வீடு ஞாபகம் வந்தது. 'வேண்டாம்' பெட்டியிலிருந்து எடுத்தேன். வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் சாதாரண வேகத்தில் வைத்தேன்.

"வணக்கம்ங்க."

அப்பா.

அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. நிறுத்திவிட்டேன். ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஆள் இருப்பது மாதிரி. திரும்ப மாட்டினேன்.

"பேரு வேணாம். பெயிண்ட் அடிக்கிறவன். காலி வீட்டுல பாடினா" – இருமல், பின்னாலேயே இன்னொன்று – "நம்ம குரல் பெருசாகி நமக்கே திரும்பி வரும்ங்க, அதுல ஒரு போதை. வீட்டுல பாடுறதில்லை. எங்களுக்கு அப்ப ஒரே ரூம். பொண்ணு ஒரு மூலையில படிக்க உட்காரும். நான் எடுத்து விட்டா அதுக்கு மண்டையில என்ன ஏறும்? அதனால பாட்டை வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அப்படியே பழகிருச்சு. அது பாஸ் பண்ணின அன்னிக்கு மூணாவது மாடியில சீலிங் அடிச்சிட்டு இருந்தேன். போன் வந்துச்சு. பேச வரலை, வெச்சிட்டேன். ஏணி மேல நின்னபடியே அந்தப் பழைய படகுப் பாட்டை முழுசாப் பாடினேன். கீழே இருந்த மேஸ்திரி, குடிச்சிட்டு வந்திருக்கியான்னு கேட்டாரு."

இருமல். நீளமான இருமல்.

"பதினேழாம் தேதி தொண்டையில ஆபரேஷன். குரல்வளையையே எடுக்கணுமாம். அதுக்கப்புறம் பேச்சு வராது. அதுக்குள்ள அந்தப் பாட்டை ஒரு தடவை ரேடியோல கேட்டுட்டா போதும். என் பொண்ணு உங்க ஆபீஸ்லதான் இருக்கு. அதுக்குச் சொல்லிடாதீங்க. வேலை நிரந்தரமாகப்போற நேரம், லீவு போட்டுட்டு என் பக்கத்துல உட்கார்ந்துடும்."

முடிந்தது. டொக்.

சவுண்ட் அண்ணன் வந்து, "என்னம்மா, பேயைப் பாத்தியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

அப்பா பாடுவாரா? என் அப்பாவா? இருபத்து மூன்று வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? குரல் போகப்போகுதா? போனா, போன்ல 'சரிம்மா'ன்னு யார் சொல்லுவாங்க? முதல் இருமலிலேயே தள்ளிட்டேனே – சொந்த அப்பாவை – இரட்டை வேகத்துல –

மார்ச் 11

ஆணியில் அப்பாவின் பிரஷ் பை தொங்குகிறது. அவர் கொண்டுபோகும் பெட்டியில், தலை வழியாக மாட்ட வேண்டாத, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகள், புதுத் துண்டு, ஃபிளாஸ்க். ஏணி மேல் வேலை செய்கிறவர் ஃபிளாஸ்க் கொண்டுபோய்ப் பார்த்ததே இல்லை.

"பிரஷ் பை வேண்டாமாம்மா?" என்று கேட்டேன்.

"அங்கேயே எல்லாம் குடுக்கிறாங்களாம்" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

நானும் மேலே கேட்கவில்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் பங்களாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு எத்தனை அறை என்றுகூட அப்பா சொல்லிவிட்டார்.

மார்ச் 13

அக்காவிடம் கொடுத்தேன். மகள் பற்றியதையும் ஆபரேஷன் பற்றியதையும் எடுத்துவிட்டேன். அவர் மறைக்க நினைத்ததை ஊருக்கு நான் எப்படிச் சொல்வது? இருமலை மட்டும் தொடவில்லை.

"என்னடி, இருமலை வெட்டலையா? தூங்கிட்டியா?"

"இருக்கட்டும்க்கா."

எட்டு மாதத்தில் அவர் சொன்ன ஒன்றை நான் மறுப்பது இதுதான் முதல் தடவை. என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரி, இருக்கட்டும். உசுரோட்டமாத்தான் இருக்கு" என்றார். ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினேன்.

மார்ச் 14, வெள்ளி

மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் நானே ரேடியோவை வைத்தேன். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு, "நியூஸ் போடுவான், இருக்கட்டும்" என்றார். நியூஸ் முடிந்து அரைமணி ஆகியிருந்தது.

அவர் குரல் வந்தது. பேப்பர் அசையவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் நின்றார். மேஸ்திரி கேட்டது வந்தது, அந்த நீளமான இருமல் வந்தது, உடனே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"மீதியை யாரு வெட்டினது?"

"நான்தான்ப்பா."

படகுப் பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முடிகிற இடத்தில் அம்மாதான், "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். அழுதுகொண்டே கேட்டார். அதற்கு நான் சத்தம் போட்டேன். வேலையாம் வேலை! அப்பா முன்னால் நான் சத்தம் போட்டதே கிடையாது. அவர் கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரிகூட இருந்தது. "வாய் இருக்கு பாரு இதுக்கு" என்றார் அம்மாவிடம்.

மார்ச் 15

அப்பா கடைசியாகப் பெயிண்ட் அடித்து முடித்த வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். சாவி இன்னும் அவரிடம்தான் இருந்தது. ஹாலில் ஒரு நாற்காலிகூட இல்லை. சுவர் ஈர வெள்ளை. நான் செருப்பைக் கழற்றிய சத்தமே மாடிவரை போய்வந்தது.

"பாடுங்கப்பா."

"வெட்டாம கேப்பியா?"

தலையாட்டினேன். போனில் பதிவை அமுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு வெட்கம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பாடினார். கரகரத்து, நடுவில் இரண்டு தடவை இருமி, விட்ட இடத்திலேயே பிடித்து, கடைசி வரி வரைக்கும். அப்படி ஒரு குரல் எங்கள் வீட்டில் குடியிருந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரிசல்ட் நாளுக்கு ஒரு பாட்டு இருந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

மார்ச் 17

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்து, "வரேன்மா" என்றார்.

அதுதான்.

ஏப்ரல் 9, புதன்

அப்பா வந்துவிட்டார். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் மெல்லிய துணி. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரில் இரண்டு தட்டு, அம்மா என்றால் மூன்று. அதிகம் தட்டு வாங்குவது அம்மாதான். சிலேட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் அவர் முதலில் எழுதியது: "ஆஸ்பத்திரி சுவத்துல பட்டி சரியாப் பாக்கலை." அம்மா சிரித்துச் சிரித்து இருமினார்.

ரேடியோ இப்போது நாள் முழுக்க ஓடுகிறது. லீவு போட்டேன், வேலையும் போய்விடவில்லை. நிரந்தரம் மட்டும் இன்னும் ஆகவில்லை. கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறார்கள்.

நேற்று அப்பாவிடம், அன்று அவர் பாடியதை வானொலிக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தார். சிலேட்டை எடுக்கவில்லை. டம்ளரில் இரண்டு தட்டினார். 'சரிம்மா' என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று அலுவலகத்துக்குள் போகாமல், வாசலில் நின்று, நேயர்களைப் போலவே பதிவு எண்ணுக்குப் போன் செய்தேன். பீப் சத்தம் வரும்வரை காத்திருந்தேன். பேசினேன்:

"வணக்கம். பேரு வேண்டாம். எனக்குப் பிடிச்சது அந்தப் பழைய படகுப் பாட்டு. ரெக்கார்டுல இருக்கிறது வேண்டாம். ஒரு காலி வீட்டுல எங்க அப்பா பாடினது என்கிட்ட இருக்கு, இப்ப போன்ல வைக்கிறேன், அதைப் போடுங்க. நடுவுல இரண்டு இடத்துல இருமல் வரும், வெட்டிடாதீங்க. அப்புறம், கேக்கிறது யாரா இருந்தாலும் – தயவுசெஞ்சு வேகத்தைக் கூட்டாம கேளுங்க."