புடலம்பூவில் கட்டிய நூல்

சின்னக்குட்டி, இன்று பொழுது சாயும்போது உன் புடலங்கொடியில் காம்படியில் பிஞ்சோடு முதல் பெண் பூ விரிந்தது. வெள்ளை நூலைப் பிரித்துப் போட்டாற்போல இதழோரமெல்லாம் சிலும்பி நிற்கிறது. அந்த வாசம் பட்டதும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வருகிறது.

தை மாதம் நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போன புதுக்கோட்டை பஸ்ஸில் என் தோளில்தான் சாய்ந்து வந்தாய். திரும்பி வரும்போது நீ இல்லை. அடுப்படியில் நீ சாம்பலில் புரட்டி முடிந்து தொங்கவிட்ட விதை மட்டும் இருந்தது. ஆடியில் ஊன்றினேன். ஒன்றே ஒன்றுதான் முளைத்தது.

நாம் ஒரு வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். அதனாலோ என்னவோ, கொடிகளுக்குள்ளேயும் உனக்குச் சொந்தம் தெரிந்தது. கோயில் காட்டுக்கும் நம் தோட்டத்துக்கும் நடுவில் இருந்த வேலியில் பேய்ப்புடல் படர்ந்து கிடக்கும். காய் விரல் நீளம்தான், நாக்கில் வைக்க முடியாத கசப்பு. பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"கசப்புக்கொடிய வேலியில வளத்துக்கிட்டு, இனிப்புக்காய்க்கு ஏங்குறா பாரு!"

"சொந்தத்துல ஒன்னு ரெண்டு கசப்பு இருக்கத்தான் செய்யும் சித்தப்பா. அதுக்காகப் பந்தியில எலை போடாமயா இருக்கீங்க?" என்று மடக்குவாய்.

"ஒன் வாய்க்கு அந்தக் காயே தேவலை" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

என்னிடம் மட்டும் விவரமாகச் சொல்வாய்: "காட்டுக்கொடிதான்க்கா மொதல்ல பூக்குது. அதுக்கு வர்ற பூச்சிதான் பழகிப்போயி இங்கிட்டும் வருது. அத அத்துப்புட்டா, நம்ம பூவ யாரு எட்டிப் பாக்குறது?" நின்ற இடத்திலேயே நின்று பறக்கும் அந்தச் சாம்பல் பூச்சியை நீதான் எனக்குக் காட்டினாய்.

அதே பூச்சி அங்கிருந்து பூவின் மஞ்சள் பொடியோடு கசப்பையும் கொண்டுவரும். அப்படி விளைந்த காயைச் சமைத்தால் தெரியாது. அதன் விதையை ஊன்றினால்தான் தெரியும். அதனால் விதைக்கென்று ஒரு பூவை மட்டும் மொட்டிலேயே சிவப்பு நூலால் கட்டி வைப்பாய். அந்தியில் அவிழ்த்து, நம் கொடியின் ஆண் பூவை ஒற்றிவிட்டு, மறுபடியும் கட்டுவாய். "மத்ததெல்லாம் பூச்சி பாடு. இது மட்டும் நம்ம பாடு."

போன மார்கழியில் இரண்டு காய்கள் பழுத்துச் சிவந்தன. ஒன்று நூல் கட்டியது, ஒன்று கட்டாதது. மழையில் நூல் இற்று விழுந்துவிட்டது. ஒரு பழத்தை அணில் கொறித்துப் போட்டது. மற்றதில்தான் நீ விதை எடுத்தாய். அது எது என்று நான் கேட்கவில்லை. நீ இருக்கும்போது எனக்கு எதற்கு அந்தக் கவலை?

இப்போது அந்த வேலி இல்லை. கோயிலுக்குப் பாதை அகலம் பண்ண வந்த ஜேசிபி ஒரே நாளில் வாரிப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பூச்சியைக் காணோம். பீர்க்கு, சுரை எல்லாம் பிஞ்சிலேயே மஞ்சளித்து உதிர்கின்றன.

"ஏத்தா, ஒங்க தோட்டத்துலயும் பிஞ்சு நிக்கலையா?" என்று நேற்று சித்தப்பா கேட்டார். சத்தமே இல்லாத குரல். காட்டுக்குள் எதையும் பறிக்கக் கூடாது என்பதால், உதிர்ந்து கிடந்த ஒரு பேய்ப்புடல் பழத்தை எடுத்து வந்து வரப்போரம் ஊன்றினேன். பார்த்தார். குச்சி ஒன்றை ஒடித்து அதன் பக்கத்தில் நட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசியில் உன் மகள் மணமேல்குடியிலிருந்து பிரசவத்துக்கு என்னிடம் வருகிறாள். "பெரியம்மா, அம்மா காயிலதான் கூட்டு வேணும். கடைக்காயப் போட்டு ஏமாத்துனா கண்டுபிடிச்சிருவேன்" என்று போனில் சிரிக்கிறாள். கசப்பு ஏறிய காய் வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். நுனியை நறுக்கி நான் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பேன், அதில் பயமில்லை. கசந்தால் துப்பிவிடலாம். ஆனால் அதோடு உன் காய் என்று ஒன்று இல்லாமலே போய்விடுமே. பிள்ளையிடம் என்ன சொல்வேன்?

இன்று உன்னைப் போலவே செய்தேன். உன் சேலையில் உருவிய சிவப்பு நூல். ஆண் பூவின் மஞ்சள் பொடி பாதி என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. இன்னும் கழுவவில்லை.

சின்னக்குட்டி, அணில் தின்றது எந்தப் பழத்தையடி?