ஒன்று என்று எழுதட்டும்

அன்புத் தங்கை அஸ்துவுக்கு, அபிஜானிலிருந்து அக்கா கும்பா எழுதுவது. காவோலாக்கில் நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? நம் வீட்டுக்காரரின் முழங்கால் வலி தேவலையா? அல்லாஹ் புண்ணியத்தில் நானும் என் துணிக்கடையும் நலம்.

நான் பெற்று நீ வளர்த்த தியாபாவைக் கட்டப்போகும் பாபகார், சரக்கெடுக்க வந்தவன் கடைக்கும் வந்தான். கல்யாணப் பதிவில் ஒரு மனைவியா, நாலு வரையா என்று கேட்பார்களே, என்ன எழுதுவாய் என்றேன்.

"எல்லாரும் நாலுன்னுதான் எழுதுறாங்க அத்தை. எனக்கு இவ ஒருத்தி போதும்."

"போதும்னா ஒன்னுன்னு எழுதேன். கை வலிக்குதா?"

சிரித்து மழுப்பிவிட்டான்.

மனசு நோகாதே, அஸ்து. நீ சக்களத்தியாக வந்தபோது மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. இன்று உன்னைவிட நெருக்கமானவர் எனக்கு யாருமில்லை. அது நம் இருவரின் நல்ல மனசு. அந்த ஏற்பாட்டை நியாயம் என்று சொல்லமாட்டேன். முறை வைத்து அவர் உன் அறையில் தங்கிய இரண்டிரண்டு நாளும் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என் முறையில் நீயும் அப்படித்தானே இருந்திருப்பாய்?

பதிவுக்கு நீயே உடன் போ. ஒன்று என்று எழுதினால்தான் கல்யாணம் என்று சொல். நான் சொன்னால் பொறாமைக்காரி என்பார்கள். இரண்டாவதாக வந்தவள் சொன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

நீ இடித்த கம்பு மாவு கொஞ்சம் கொடுத்தனுப்பு. இங்கே தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்குவதில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பேருந்துக்காரர் அவசரப்படுத்துகிறார். நான் வரும்வரை என் முறை நாளிலும் அவர் முழங்காலுக்கு நீயே எண்ணெய் தடவு.

உன் கும்பா