வேலிக்கு அந்தப் பக்கம் பதில் கொடுத்த எல்க்

ரைடிங் மலை அடிவாரம்,
செப்டம்பர் 20.

அன்பு மகள் டாரியாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். என் கால்சட்டை மட்டும் சுகமில்லை. உன் மாமனார் கார்டன் நம் வீட்டுக்கு வந்த மறுநாளே அது சேற்றில் போனது. அவர் வாயால் நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

வந்த அன்று சாயங்காலம் மலைச்சரிவைப் பார்த்து, "மரமெல்லாம் குச்சி குச்சியா இருக்கே சம்பந்தி" என்றார். உங்கள் கடலோரத் தேவதாருக்களை அண்ணாந்து பார்த்துப் பழகிய கழுத்து. "மேலதான் குச்சி. அடியில இந்த ஆஸ்பென் தோப்பு முழுக்க ஒரே வேர், ஒரே மரம்" என்றேன். "அப்படியா, டாரியா சொல்லவே இல்லையே" என்றார். நீ சொல்லாதது ஒன்றாவது இருக்கிறதே என்று எனக்கு அற்ப சந்தோஷம்.

இவருக்கு ஒரு எல்க் மானைக் காட்டியே தீருவது என்று விடியலில் எழுந்தேன். பக்கத்துத் தேசியப் பூங்காவுக்குள் மானைக் குரல் கொடுத்துக் கூப்பிடக் கூடாதே. அதனால் வழக்கம்போல நம் மேய்ச்சல் வேலியோரம் நின்று, வாக்குவம் கிளீனர் குழாயை வாயில் வைத்து எல்க் கடா கத்துவது மாதிரி ஊதினேன். நீர்நாய்க் குட்டைப் பக்கமிருந்து பதில் வந்தது. கிழட்டுக் கடா, நல்ல கோபத்தில் இருக்கிறது என்று நினைத்தேன். ஊதுவதும் தவழ்வதுமாகப் போனேன். அதுவும் நெருங்கி வந்தது. கடைசியில் மஞ்சள் இலைகளை விலக்கினால், எதிரே உன் மாமனார். அவரும் குப்புறப் படுத்து, கையில் ஒரு குழாயோடு.

"ஐயோ, நீங்களா! பெரிய கடான்னு நினைச்சேன்" என்றார். அம்மாவிடம் சொன்னோம். "ரெண்டு கடாவும் முட்டிக்காம வந்துச்சே" என்று சிரித்துவிட்டு, கார்டன் தட்டில் மட்டும் இன்னும் நாலு உருளைக்கிழங்குப் பெரோகிக் கொழுக்கட்டை வைத்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை மகளே. அப்புறம்தான் உறைத்தது, அவர் ஊதி முடிக்கும்போது ஒரு விக்கல் விழுகிறது. எந்த எல்க்குக்கும் அது கிடையாது. என் முன்பல் போனதால் எனக்கு வருவது. சின்ன வயதில் நீ அதையும் சேர்த்தே கற்றுக்கொண்டாய். அவருக்குக் கடை ஜன்னல் மாதிரி வரிசையாகப் பல் இருக்கிறது. கேட்டால், "டாரியாதான் சொல்லிக் கொடுத்தா. தினமும் சாயங்காலம் ரெண்டு பேரும் நடக்கப் போவோமே" என்கிறார். தினமுமா? கல்யாணமானதிலிருந்து என்னோடு வருஷத்துக்கு ஒரு வாரம்தானே நடக்கிறாய்?

அந்த ஒரு வாரமும் இந்த வருஷம் இல்லை என்பதை அவர்தான் சொன்னார். உனக்கு இது ஏழாம் மாதம், பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம். சரிதான், பத்திரமாக இரு. "பிரசவத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க, அறை தயாரா இருக்கு" என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான், அதுதான் தொந்தரவு. அம்மா அப்போதே பெட்டியை இறக்கிவிட்டாள். நான், "மாடுகளை யார் பாக்கறது" என்றேன். பக்கத்துப் பண்ணை ஸ்டெபான் பார்த்துக்கொள்வான் என்பது அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். நன்றாகச் சாப்பிடு, குளிரில் நிற்காதே.

அவரிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அவர் கூப்பிட்டு நான் வருவதாக இல்லை. நீ ஒரு வார்த்தை சொல், புறப்பட்டு வருகிறேன்.

உன் அப்பா,
போதான்